பெயின்ட் அடிக்க விட்ட கார், காணாமல் போன மோல்டிங்: யார் பொறுப்பு?

கேள்வி: என்னிடம் 1990-களில் வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குத்தான். முழு பெயின்ட் வேலைக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து டெலிவரி எடுக்கப் போனால், இடது கதவின் பக்க மோல்டிங் (கதவின் வெளிப்பக்கம் வரும் பட்டை), பின் குவார்ட்டர் கண்ணாடியின் பீடிங் (கண்ணாடியைச் சுற்றி வரும் ஓரப்பட்டை), வைப்பருக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் கவர், பின்பக்க எம்ப்ளம் ஆகிய நான்கும் இல்லை. "வரும்போதே இல்லை சார்" என்கிறார்கள். வண்டியை விடும்போது தந்த ஜாப் கார்டில் "வண்டியில் விட்டுச் செல்லும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. ஃபைபரில் செய்து மாட்டித் தருகிறேன் என்கிறார் உரிமையாளர். மீதிப் பணத்தைக் கட்டினால்தான் சாவி தருவாராம். கம்பெனியில் இந்த பாகங்கள் இப்போது வருவதில்லை. ஆன்லைனில் ஒருவர் இதே மாடலின் பழைய செட்டை பில் இல்லாமல் விற்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களில் ஜாப் கார்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃபைனல் பில்லை எடுங்கள். ஆறாவது வரியில் "டோர் மோல்டிங் ரிமூவ் அண்ட் ரீஃபிட், இரு பக்கமும்" என்று எழுதி, அதற்குக் கூலியும் போட்டிருக்கிறார்கள். அதற்கு இரண்டு வரி கீழே எம்ப்ளத்துக்கும் அதே மாதிரி. வரும்போதே இல்லாத மோல்டிங்கை எப்படிக் கழற்றினார்கள்? கூலி எதற்கு? நான்கு பாகங்களில் இரண்டுக்கு அவர்கள் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தாளை லேமினேட் செய்யாதீர்கள், எதையும் கிறுக்காதீர்கள். ஒரு நகல் எடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாக வையுங்கள்.

மீதி இரண்டுக்கு உங்கள் போனில்தான் தேட வேண்டும். வண்டியை விட்ட அன்று எடுத்த போட்டோ இல்லாவிட்டாலும், அதற்கு முந்தைய மாதம் எங்காவது நிறுத்தி எடுத்த படம் போதும். வைப்பருக்குக் கீழே உள்ள கவர் பெரும்பாலும் முன்பக்கப் படத்தில் தெரியும். குவார்ட்டர் கண்ணாடியின் பீடிங் பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். படங்கள் எந்த போனில் எடுக்கப்பட்டனவோ அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். 2023-ன் பாரதிய சாக்‌ஷிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஓட்டையை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு வேலைக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்குவதை 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-வது பிரிவு பெயில்மென்ட் என்கிறது. ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்வோம். தையற்கடையில் கொடுத்த துணியிலிருந்து உங்கள் கார் வரை எல்லாம் இதில் அடக்கம். வாங்கிக்கொண்டவர் அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமான ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. "அதே தரமும் மதிப்பும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். கடையில் மறுபடி கிடைக்காத பாகம் என்று தெரிந்த பிறகு அதைப் பெயர் எழுதாத அட்டைப்பெட்டியில் போட்டு ஏழு மாதம் மூலையில் வைப்பது விவேகமான ஆள் செய்யும் காரியமல்ல. பொருள் அவர் வசம் இருந்தது, திரும்பி வரவில்லை என்று நீங்கள் காட்டினால் போதும். தக்க கவனத்தோடுதான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும்.

ஒரு மோல்டிங்கின் பின்பக்கத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வழக்குக்காகத்தான். வெள்ளையாக வரிசையாக பிளாஸ்டிக் கிளிப்புகள். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து பிஸ்கெட் மாதிரி ஆகியிருந்தன. எட்டில் ஐந்து கழற்றும்போதே உடைந்தன. அதனால் உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் நாளை பேச்சை மாற்றி, "கழற்றும்போது உடைந்தது, பழைய வண்டி, நான் என்ன செய்வேன்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. கிளிப் உடைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மோல்டிங்கே உடைந்திருந்தால் உடைந்த துண்டு எங்கே, அன்றே உங்களுக்கு ஏன் தகவல் சொல்லவில்லை என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருக்காது.

சரி, ஜாப் கார்டில் அச்சடித்த வாசகத்துக்கு வருவோம். முதல் விஷயம், கதவு மோல்டிங் "வண்டியில் விட்டுச் சென்ற பொருள்" அல்ல. கூலிங் கிளாஸும் குடையும்தான் அப்படிப்பட்டவை. மோல்டிங் வண்டியின் ஓர் அங்கம். இரண்டாவது, வாசகம் இன்னும் அகலமாக இருந்தாலும் அவர்களைக் காப்பாற்றாது. 1998-ல் டெல்லியில் ஒரு ஹோட்டலில் வேலே பார்க்கிங்குக்கு, அதாவது ஊழியரே வாங்கிப் போய் நிறுத்தச் சாவியோடு கொடுத்த மாருதி ஜென் திருடு போனது. டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது" என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தன்னுடைய அல்லது தன் ஊழியர்களின் அலட்சியத்தால் வந்த இழப்பிலிருந்து அந்த மாதிரி அச்சு வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். இழப்பு எப்படி நேர்ந்தது என்று விளக்கும் கடமையும் முதலில் ஹோட்டலுக்கே என்றது. முழுக் காருக்குச் சொன்னது காரின் மோல்டிங்குக்கும் பொருந்தும்.

சாவி விஷயத்தில் மட்டும் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. உழைப்போ திறமையோ செலவழித்து வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை நிறுத்தி வைக்கலாம் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு. பற்றுரிமை என்பார்கள். வேலையே ஒழுங்காக முடியவில்லையே என்று நீங்கள் வாதிடலாம், வாதத்தில் பலமும் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் முடியும்வரை வண்டி அவரிடமே நிற்கும். மோல்டிங் இல்லாத இடத்தில் கதவுத் தகட்டில் கிளிப் ஓட்டைகள் திறந்து கிடக்கின்றன. கவர் இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். அடுத்த வருஷம் துரு பிடித்து புது பெயின்ட்டே கொப்பளிக்கும். இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 73-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. எனவே என் யோசனை, பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகக் கட்டுங்கள். டெலிவரி தாளில் கையெழுத்துக்கு மேலே, "கீழ்க்கண்ட 4 பாகங்கள் திருப்பித் தரப்படவில்லை, ஆட்சேபணையுடன் பணம் செலுத்தி எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதி பாகங்களின் பெயரையும் எழுதுங்கள். எழுத விடாவிட்டால் அங்கே நின்றபடியே அதே வாசகத்தை வாட்ஸ்அப்பிலும் இமெயிலிலும் அவருக்கு அனுப்புங்கள். "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி அச்சில் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓட்டைகளை டேப் போட்டு மூடி, மூடியதையும் படம் எடுத்து வையுங்கள்.

இனி, எவ்வளவு கேட்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "பழைய பிளாஸ்டிக்தானே" என்று அவர் சொல்வார். "விலைமதிப்பே இல்லாதது" என்று நீங்கள் சொல்வீர்கள். ஆணையத்துக்கு இரண்டும் உதவாது. காணாமல் போன பாகத்தை இன்று நியாயமாக வாங்கி மாட்ட என்ன செலவாகும் என்பதுதான் அளவுகோல். அதற்குப் பார்ட் நம்பர் வேண்டும். ஒரே மாடலிலும் இடது வலது வேறு, முகப்புத் தோற்றத்தை மாற்றி வந்த பிந்தைய வருஷத்து வண்டிக்கு வேறு என்று நம்பர் மாறும். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் அந்த நம்பரைக் கொடுத்து, "உற்பத்தி நிறுத்தப்பட்டது, சப்ளை இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒற்றை வரி பல பக்க வாதத்துக்குச் சமம். சில ஜப்பானிய கம்பெனிகள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பாகங்களை ஹெரிட்டேஜ் என்ற பெயரில் மறுபடி தயாரித்து விற்கின்றன. டொயோட்டா சுப்ராவுக்கு, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு, மாஸ்டா அதன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு அப்படிச் செய்கிறது. உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இறக்குமதிச் செலவும் சுங்கமும் சேர்த்த கொட்டேஷன் வாங்கினால் கணக்கு சுலபம். ஒன்று மட்டும், வெளிநாட்டிலிருந்து பயன்படுத்திய பாகம் வாங்குவதாக இருந்தால், பழைய பொருள் இறக்குமதி கட்டுப்பாட்டில் உள்ள இனம். அனுமதி இல்லாமல் வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பழையதுக்குப் புதியது வாங்கினால் அதன் விலையில் கொஞ்சம் குறைத்துத்தான் ஆணையத்தில் தருவார்கள், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

ஃபைபரில் செய்து தருகிறேன் என்பதை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. அப்படி மாட்டுவது சட்ட விரோதம் அல்ல. 2000-ன் வடிவமைப்புச் சட்டத்தில் பாதுகாப்பு 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. உங்கள் கார் மோல்டிங்கின் வடிவத்துக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்தது. எம்ப்ளம் வேறு கதை. அதில் இருப்பது வணிகக் குறி, அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அனுமதியில்லாமல் அதைப் போலச் செய்து விற்பது 1999-ன் வணிகக் குறிகள் சட்டப்படி குற்றம், 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. அதனால் எம்ப்ளத்தை அவர் "செய்து" தர வேண்டாம், அசலை வாங்கித் தரட்டும். மற்ற மூன்றுக்கும் ஃபைபர் சம்மதம் என்றால், "தற்காலிக ஏற்பாடு, என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு மாட்டிக்கொள்ளுங்கள். பின்னாளில் காரை விற்கும்போது ஒரிஜினல் என்று சொல்லி விற்காதீர்கள். அப்போது நீங்கள் எதிர்த்தரப்பு ஆகிவிடுவீர்கள்.

ஆன்லைன் செட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. அவர் போட்டிருக்கும் படத்தையும் உங்கள் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மோல்டிங்கில் எங்காவது கீறல், எம்ப்ளத்தில் ஓர் எழுத்தின் ஓரம் உரிந்தது, ஏதாவது ஒன்று ஒத்துப்போகிறதா? அபூர்வமான மாடலில் நான்கு பாகம் காணாமல் போன அதே சமயம் அதே நான்கு பாகம் விற்பனைக்கு வருவது தற்செயலாகவும் இருக்கலாம். ஒத்துப்போனால் வாங்காதீர்கள், அவரோடு சண்டைக்கும் போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அப்போது அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 317 பிரிவுகளின் கீழ் நம்பிக்கை மோசடி, திருட்டுப் பொருள் வைத்திருத்தல் என்று போகும். ஒத்துப்போகவில்லை என்றாலும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் 3 வருஷம் வரை சிறை. தெரியாமல் வாங்கினாலும், விற்றவருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு வராது, பணமும் பொருளும் இரண்டும் போகும். விற்பவரின் அடையாள அட்டை நகல், பார்ட் நம்பர் எழுதிய கையெழுத்துச் சீட்டு, வங்கி வழியாகப் பணம், இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். அந்தச் சீட்டே இழப்பீட்டுக் கணக்குக்கும் ஆதாரமாகும்.

ஆர்டிஓ பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுப்பது ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படியான மாற்றத்தை. மோல்டிங்கும் பீடிங்கும் ஆர்சியில் இல்லை. நிறம் இருக்கிறது. பழைய நிறத்திலேயே அடித்திருந்தால் பிரச்னை இல்லை, மாற்றியிருந்தால் பதிவில் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம். பாகங்களின் பெயர், பார்ட் நம்பர், பில்லின் ஆறாவது வரி, 15 நாளில் அசல் பாகமோ அதற்கான தொகையோ தர வேண்டும் என்ற கோரிக்கை. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த கூலி 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை அங்கேதான். 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமே இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கால வரம்பு 2 வருஷம், நீங்கள் டெலிவரி எடுக்கப் போய்ப் பாகம் இல்லை என்று பார்த்த நாளிலிருந்து எண்ணுங்கள். "தேடிப் பார்க்கிறேன் சார்" என்று அவர் மாதாமாதம் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி அந்த 2 வருஷத்தை ஒரு நாள்கூட நீட்டிக்காது.