அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் எந்த ஆங்கிலம்?

கேள்வி: என் அப்பா 1966 ஆவணியில் பிறந்தவர். வரும் ஆவணியில் சஷ்டியப்தபூர்த்தி. அவருடைய ஆபீஸ் நண்பர்களுக்காக ஆங்கிலத்திலும் பத்திரிகை அடிக்கிறோம். அச்சகக்காரர் 'செக்ஸஜெனேரியன்' என்று போட்டிருக்கிறார். அம்மா முகம் சுளிக்கிறார். 'சிக்ஸ்டி ஃபர்ஸ்ட் பர்த்டே' என்றும் இருக்கிறது. சரிதானா?

பதில்: அம்மா பயப்பட வேண்டாம், அந்தச் சொல்லில் விரசம் எதுவும் இல்லை. லத்தீனில் 'செக்ஸ்' என்றால் ஆறு, அவ்வளவுதான். 60 முதல் 69 வயது வரை செக்ஸஜெனேரியன். எழுபதுகளில் செப்டுவஜெனேரியன், எண்பதுகளில் ஆக்டோஜெனேரியன், தொண்ணூறுகளில் நானஜெனேரியன். நூறைத் தொட்டவர் சென்டினேரியன். பத்திரிகையில் மட்டும் இது வேண்டாம். கையில் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் லத்தீன் பாடமா நடத்தப் போகிறீர்கள்? போட்டித் தேர்வுக்கு இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குத் தன் தாத்தாவின் வயதைப் பிழையில்லாமல் ஒரு வரி எழுத வருவதில்லை. நம் பாடத்திட்டத்தின் லட்சணம் அப்படி!

உண்மையான பிழை அந்த 61-தான். நாம் "அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு நடக்குது" என்போம். பராபவ என்ற தமிழ் ஆண்டில் பிறந்த உங்கள் அப்பாவுக்கு அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 2026-இல் பராபவ மறுபடி வருகிறது, அதனால் அந்தக் கணக்கு நமக்குப் பொருத்தம். ஆங்கிலத்தில் முடிந்த வயதுதான் வயது. 60 நிறைந்த நாள் சிக்ஸ்டியத் பர்த்டே. 61 என்று போட்டால் விழா ஒரு வருடம் தள்ளி நடப்பதாக நினைப்பார்கள். 'சிக்ஸ்டி ஒன் ரன்னிங்' என்பதும் நம் ஊரைத் தாண்டினால் புரியாது.

அடுத்தது, வயதைச் சொல்லும்போது 'இயர்ஸ்' என்பதில் வரும் 'எஸ்'. 'ஹி இஸ் சிக்ஸ்டி இயர்ஸ் ஓல்ட்' சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'சிக்ஸ்டி-இயர்-ஓல்ட் ஃபாதர்'. எஸ் போய்விடும், நடுவில் இரண்டு சிறு கோடுகள் வரும். ஒரே ஒரு விலக்கு. அறுபது வயதுக்காரர்கள் பலரைச் சேர்த்துச் சொன்னால் 'சிக்ஸ்டி-இயர்-ஓல்ட்ஸ்'. எஸ் திரும்பி வருகிறது, ஆனால் 'இயர்' பக்கம் அல்ல, 'ஓல்ட்' பக்கம். மூன்று வயதுக் குழந்தைகளும் 'த்ரீ-இயர்-ஓல்ட்ஸ்'தான். 'த்ரீ இயர்ஸ் ஓல்ட்ஸ்' என்று எழுதுபவரிடம் உங்கள் மேட்டரை, அதாவது பத்திரிகை வாசகத்தை, கொடுக்காதீர்கள்.

இந்த மேட்டர் விஷயத்தில்தான் எனக்கு எரிச்சல். யாரோ ஒருவருக்குப் பத்து வருடம் முன்பு அடித்த பத்திரிகையில் பெயரையும் தேதியையும் மாற்றி அச்சகக்காரர்கள் நீட்டுவார்கள். கேட்டால் "ஹை இங்கிலீஷ் சார், எல்லாரும் இதான் போடுறாங்க" என்பார்கள். பிழையோடு ஐந்நூறு பிரதி அடித்த பிறகு, புரூஃப் நீங்கள்தானே பார்த்தீர்கள் என்று கைவிரிப்பார்கள். இரண்டு மாத வகுப்பு நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டரிடம் திருத்தக் கொடுப்பதும் வீண். பெரிய சொல் இன்னும் இரண்டு சேர்ந்து திரும்பும்.

'அவர் (our) ஃபாதர் டர்ன்ஸ் சிக்ஸ்டி' என்று மேலே ஒரு வரி. கீழே 'சஷ்டியப்தபூர்த்தி' என்று அப்படியே ஆங்கில எழுத்தில் போடச் சொல்லுங்கள். புரூஃபை அச்சகத்திலேயே நின்று படிக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து, அம்மாவிடமும் ஒரு முறை காட்டுங்கள்.