கைபேசிக்கு முன் ஊசியை எடுங்கள்

ஊட்டி அருகே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கு, அவர்கள் துணியில் ஊசியால் செய்யும் பூவேலையைப் படம் எடுக்கப் போனபோது, கைபேசியை நீட்டியதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், துணி வடிவமைப்புப் பாடத்தின் திட்டவேலை பாதியில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம்.

அடுத்த முறை இழை எண்ணக்கூடிய வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு நூல், ஊசி இவற்றோடு போய், கற்றுத்தருவீர்களா என்று கேளுங்கள். அந்தப் பூவேலைக்குத் துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் கிடையாது, துணிமேல் வரைந்த கோடும் கிடையாது. விரல் நுனியால் இழைகளை எண்ணித்தான் ஊசி இறங்கும். ஓர் இழை தவறினால் கோலமே சாய்ந்துவிடும். இதைப் படம் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. துணியைத் திருப்பியும் பாருங்கள்: நாம் பின்பக்கம் என்று நினைக்கும், நூல் புடைத்து நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம்.

அந்தக் கோலங்களைத் துப்பட்டாவில் அச்சிடலாம் என்ற உங்கள் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோடர் பூவேலைக்கு, ஓர் இடத்துக்கே உரிய பொருளின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்திருக்கிறது. மலிவான அச்சுத் துணி அந்தப் பெண்களின் பிழைப்பில் கைவைக்கும். நீங்கள் குடியிருக்கும் தெருவிலேயே எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன. தகரக் கூரையின் நெளிவையும் தேயிலைச் சரிவின் வரிசைகளையும் கட்டக் காகிதத்தில் எண்ணிப் பாருங்கள். கற்றுத்தந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்; பெயர் போடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.