இடித்துத் தள்ளுவதா வேகம்?

கேள்வி: டை காப், பீட் ரோஸ் மாதிரி உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்கள் இன்றைய அமெரிக்க பேஸ்பாலில் உண்டா? இப்போது எல்லாருமே உடம்பு நோகாமல் ஆடுகிறார்களே?

பதில்: லீக் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், 1970-ல், கேட்சர் ரே ஃபாஸியை ரோஸ் இடித்துத் தள்ளியதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லீக் கணக்கில் சேராத ஆட்டம் அது. 12-வது இன்னிங்ஸில், ரன் எடுக்க ஓடி வந்து தொட வேண்டிய ஹோம் பிளேட்டை மறித்து நின்ற ஃபாஸிக்கு வயது 23. ரோஸ் மோதினார், ரன் கிடைத்தது, அணி ஜெயித்தது. ஃபாஸியின் தோள் எலும்பு முறிந்து, கோணலாகவே கூடியது. அவருடைய ஆட்டம் பழையபடி திரும்பவே இல்லை. இதை வீரம் என்று என்னால் சொல்ல முடியாது.

ரோஸிடம் நான் மதிப்பது வேறொன்றை. பிட்சர் நான்கு பந்துகளைத் தப்பாக வீசினால் பேட்டருக்கு, ரன்னுக்கான ஓட்டத்தில் முதல் நிறுத்தமான முதல் பேஸ் சும்மாவே கிடைக்கும். நடந்து போனால் போதும், அதற்குப் பெயரே 'வாக்'. ரோஸ் அந்த 90 அடியையும் தலைதெறிக்க ஓடுவார். 1963 பயிற்சி முகாமில் அதைப் பார்த்துத்தான் யாங்கீஸ் பிட்சர் ஒய்ட்டி ஃபோர்டு 'சார்லி ஹஸில்' (விழுந்தடித்து ஓடும் சார்லி) என்று கேலி செய்தார். கேலி பட்டமாக ஒட்டிக்கொண்டது. அடித்துவிட்டு ஓடிப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. 1985-ல் காப்பின் ஹிட் சாதனையைத் தாண்டி, மொத்தம் 4,256 ஹிட்டில் போய் நின்றதும் இந்தப் பழக்கத்தில் வந்ததுதான்.

காப் 1905 முதல் 1928 வரை ஆடினார். பெரிய லீக் அணிகளில் கறுப்பின வீரர்களுக்கு அப்போது இடமே கிடையாது. எத்தனை அடித்தார் என்று எண்ணும்போது, யாரையெல்லாம் எதிர்கொள்ளாமலே அடித்தார் என்பதையும் எண்ண வேண்டும்.

ஒருவரைச் சொல் என்றால் ஜாக்கி ராபின்சனைச் சொல்வேன். கறுப்பினத்தவருக்கு இருந்த அந்தத் தடையை உடைத்து 1947-ல் உள்ளே வந்தபோது அவருக்கு வயது 28. யார் என்ன ஏசினாலும் திருப்பித் தாக்குவதில்லை என்று, தன்னை அணியில் சேர்த்த நிர்வாகி பிராஞ்ச் ரிக்கிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆகஸ்டில் எதிரணி வீரர் ஈனஸ் ஸ்லாட்டரின் ஆணி பூட்ஸ் முதல் பேஸில் அவர் காலை மிதித்தது. ஸ்லாட்டர் லேசுப்பட்ட ஆளல்ல. முந்தைய ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், முதல் பேஸிலிருந்து ஒரே மூச்சில் ஹோம் வரை ஓடி வெற்றி ரன்னை எடுத்தவர். ராபின்சன் கையை ஓங்கவில்லை, ஓட்டத்தில்தான் பதில் சொன்னார். பேஸை விட்டு நாலடி தள்ளி நின்று, ஓடுவதும் திரும்புவதுமாகப் போக்குக் காட்டிப் பிட்சரைத் தவிக்க விடுவார். அந்த ஆண்டு 29 பேஸ் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அந்த லீகிலேயே அதுதான் அதிகம்.

இன்றைய ஆட்களுக்கு வருகிறேன். 2011-ல் இப்படியொரு மோதலில் கேட்சர் பஸ்டர் போஸியின் கால் உடைந்தது. 2014-ல் கேட்சரைத் தேடிப்போய் இடிப்பதற்குத் தடை வந்தது. மோதல் குறைந்ததற்குக் காரணம் இந்த விதி, வீரர்களின் சோம்பல் அல்ல. ஜப்பானிய வீரர் இச்சிரோ யாரையும் இடிக்காமலே 2004-ல் 262 ஹிட் அடித்தார். அவற்றில் பல, தரையோடு உருண்ட பந்தைக் களத்தடுப்பாளர் எடுத்து எறிவதற்குள் ஓடியே வாங்கியவை.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, பேட்டர் பந்தைத் தரையோடு நேராக ஒரு தடுப்பாளரிடமே அடித்துவிட்டால், பந்தை விட்டுவிட்டு பேட்டரின் காலைக் கவனியுங்கள்.