கிரிக்கெட் வீரர் வெங்கட்ராகவனைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சார், எனக்கு வெங்கட்ராகவனை அம்பயராகத்தான் தெரியும். ஆடும்போது நிஜமாகவே பெரிய ஆளா?

ஆஃப் ஸ்பின்னர். 57 டெஸ்ட், 156 விக்கெட். கிண்டியில் பொறியியல் படித்த பையன் 1965-ல் நியூசிலாந்துக்கு எதிராக, சொந்த ஊரான சென்னையிலேயே முதல் டெஸ்ட் ஆடினார். அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில், டெல்லியில், ஒரே இன்னிங்ஸில் 72 ரன் கொடுத்து 8 விக்கெட். அப்போது அவருக்கு இன்னும் இருபது வயது முடியவில்லை.

அதே காலத்து இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னாவா, வெங்கட்டா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணே.

பிரசன்னா. சொல்லிவிட்டேன், சென்னைக்காரர்கள் திட்டலாம். பிரசன்னா பந்தைத் தூக்கிப் போட்டு, ஆசை காட்டி, பேட்ஸ்மேனை வெளியே இழுப்பார். வெங்கட் உயரம், பந்து கொஞ்சம் வேகமாக, தட்டையாக வரும், அடிக்க இடமே கிடைக்காது. ஆனால் 1971-ல் இந்தியா வெளியே போய் ஜெயித்தபோது வடேகரின் துணை கேப்டன் வெங்கட்தான். வெஸ்ட் இண்டீஸில் 22 விக்கெட், நம் அணியில் அதுதான் அதிகம். அங்கிருந்து போன இங்கிலாந்துத் தொடரில் மூன்று டெஸ்டும் அவர் ஆடினார். பிரசன்னாவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஸ்லிப்புக்குப் பக்கத்து இடமான கல்லியில் நின்று கேட்ச் பிடிப்பார், பேட்டும் கொஞ்சம் பிடிப்பார். அதுவும் எடைபோடப்பட்டது.

அந்த 1971 இங்கிலாந்துத் தொடரை ஜெயித்துக் கொடுத்த ஓவல் டெஸ்டில் சந்திரசேகர் பெயர்தான் எங்கும் வருகிறது. இவர் என்ன செய்தார்?

சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தால் வேறு யார் பெயர் வரும்! ஆனால் ஸ்கோர்கார்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஆலன் நாட் முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர். இரண்டாவதில் அவர் நின்றிருந்தால் ஆட்டமே வேறு. வெங்கட் போட்ட பந்தை முன்னால் வந்து தடுத்தார். பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் இருந்த நம் சோல்கர் குப்புற விழுந்து, புல்லைத் தொடும் முன் கையில் ஏந்தினார். நாட் 1 ரன். அந்த கேட்சின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர், பந்து போட்டது யார் என்று கேட்டவர்கள் கொஞ்சம்தான். தொடக்க ஆட்டக்காரர் லக்ஹர்ஸ்டை சந்திரசேகர் எடுத்தபோது கேட்ச் பிடித்ததும் வெங்கட். இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது.

இரண்டு உலகக்கோப்பைக்குக் கேப்டன், இரண்டும் சொதப்பல். சரிதானே?

சரிதான். 1975-ல் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும் ஜெயித்தோம். 1979-ல் மூன்றிலும் தோல்வி, டெஸ்ட் அந்தஸ்து வாங்காத இலங்கையிடமும். ஒருநாள் ஆட்டம் நம்மவர்களுக்குப் பிடிபடாத காலம். அவரே 15 ஒருநாள் ஆட்டங்களில் எடுத்தது 5 விக்கெட்தான்.

ஆனால் கேப்டன் பதவியில் அவருக்கு நடந்தது வேறு கொடுமை. 1974-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக டெல்லி டெஸ்டில் கேப்டன். அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! நேற்று டாஸ் போட்டவர், இன்று தண்ணீர் கொண்டுபோனார். 1979-ல் அவர் கேப்டனாக இருந்த இங்கிலாந்துத் தொடரில், ஓவலில் 438 இலக்கைத் துரத்தி 8 விக்கெட்டுக்கு 429 என்று டிரா. கவாஸ்கர் 221. பேட்டிங்கில் விஸ்வநாத்தைத் தள்ளிவைத்துக் கபிலை முன்னால் அனுப்பினார்கள், கபில் பூஜ்யம். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. திரும்பி வரும் விமானத்திலேயே புதிய கேப்டன் கவாஸ்கர் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள்.

பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்ற நான்கு ஸ்பின்னர்களும் சேர்ந்து எத்தனை டெஸ்ட் ஆடினார்கள்?

ஒன்றே ஒன்று. 1967, எட்ஜ்பாஸ்டன். தோற்றோம்.

மாநில அணிகள் மோதும் ரஞ்சி டிராபியில்?

530 விக்கெட். ஆனால் கோப்பை? 1973 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கு அவர்தான் கேப்டன். பம்பாய் 151, 113. நாம் 80, 61. பம்பாய் ஸ்பின்னர் ஷிவால்கர் ஆட்டம் முழுக்க 13 விக்கெட் எடுத்தார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. சுழல் ஆடுகளம் யாருக்காகச் சுழலும் என்று யார் கண்டது!

அம்பயராக எவ்வளவு காலம்?

1993 முதல் 2004 வரை, 73 டெஸ்ட். ஆடியதைவிட அதிகம். 2002-ல் ஐசிசியின் உயர்மட்ட அம்பயர்கள் குழுவான எலைட் பேனல் தொடங்கியபோது அதில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். இந்த வேலையில் மட்டும் அவரைப் பிரசன்னாவோடு யாரும் ஒப்பிடவில்லை.