ஹெரால்டைப் பிரிக்கும் முன்: கேள்வி பதில்

சென்னையை ஒட்டிய வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உருவம். நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து 1970-ஆம் வருடத்து நான்கு கதவு மார்க் 3 வண்டி ஒன்றை நாலரை வருடம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், பிரித்துப் பூட்டினோம். அதைப் பார்த்துவிட்டு இதே வண்டியும் வேறு பழைய வண்டிகளும் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், திருச்சியில் ஒரு ஹெரால்டு விலைக்கு வந்திருக்கிறது. பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயிண்டை விட்டுவிடுங்கள். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்குகின்றன. துரு முதலில் உட்காரும் இடம் அந்தக் கைகள்தான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் டங்கென்று சத்தம் வரவேண்டும். சொதக்கென்று உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை, பட்டியும் தார் பூச்சும்தான் இருக்கிறது.

அப்புறம் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று ஒத்துப்போகவில்லை என்றாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். துருவை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம், காகிதத்தைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. இன்ஜின் ஓடாத நிலையில் ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜின் முகப்பில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வகை டிரையம்ப் இன்ஜின்களுக்கு இது பரம்பரை நோய். அந்த வாஷர் கழன்று, இன்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

அண்ணா, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது! அடுத்து என்ன மேம்படுத்தலாம்? டிஸ்க் பிரேக்கா, அலாய் வீலா? (தாம்பரம், கல்லூரி மாணவர்)

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். முன்சக்கரத்துக்குள் குனிந்து பாருங்கள். ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் செங்குத்தான இரும்புத் துண்டு இருக்கிறதல்லவா, அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டையின் பெயர் ட்ரனியன். வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த மரையில்தான் சுழல்கிறது.

இதற்கு ஊற்ற வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அடிக்கக் கூடாது. ஆனால் அதை ஏற்றும் நிப்பிளைப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் கை கிரீஸ் கன்னுக்குத்தான் போகும். கிரீஸ் மரையின் மேல்பகுதி வரை ஏறாது. நாளடைவில் கட்டியாகி வழியை அடைத்துவிடும். மேலே மரை காய்ந்து, தண்ணீர் இறங்கி, துரு பிடித்து, கீறல் விடும். ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி ஃபெண்டருக்குள் படுத்துவிடும்.

எங்கள் வண்டியில் இது நடந்தது. ஒரு பட்டறையில் முன்வேலை முழுவதும் முடித்துக் கொடுத்த மூன்றாவது வாரம், தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் மண்டி போட்டது. பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. இறங்கிப் பார்த்தால், ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு பழைய துருவின் கறுப்பு, மீதி கால் பங்கு மட்டும் புதிதாக ஒடிந்த வெள்ளி நிறம். அத்தனை நாள் அந்தக் கால் பங்குதான் எங்கள் நாலு பேரையும் சுமந்திருக்கிறது. முந்தின நாள் அதே வண்டியில் செங்கல்பட்டு போய் வந்திருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் இரண்டு பக்கமும் கழற்றி, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். இங்கிலாந்தில் டிரையம்புக்கு இன்றும் செய்து விற்கிறார்கள். வாங்கும்போது இடது வலது பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. பூட்டும்போது முழுதாகத் திருகிவிட்டு, இருபக்கமும் சக்கரம் தடையில்லாமல் திரும்பும் அளவுக்குப் பின்னால் எடுங்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியில் ஆயில் கசியும் வரை ஏற்றுகிறேன். தரையில் சொட்டும். சொட்டட்டும்.

அதன் பிறகு பிரேக். பழைய ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரையைத் தொடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். டிரம்மைத் திறக்கும்போது ஏர் அடிக்காதீர்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். டிரம்மும் ரப்பரும் நன்றாக இருந்தால் இந்த எடைக்கு அந்த பிரேக்கே நன்றாகப் பிடிக்கும்.

வெயில் காலத்தில் சூடேறுகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

போடலாம், ஆனால் அது கடைசி மருந்து. எங்கள் பிளாக்கின் வடிகால் பிளக்கைக் கழற்றியபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்த பிறகுதான் காப்பித் தூள் மாதிரி சேறு வந்தது. அரை வாளி இருக்கும். பின் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரே ஓடாமல் இருந்திருக்கிறது. முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு டைமிங் தாமதமாக வைத்திருக்கிறதா, ரேடியேட்டர் கோர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபேன் போட்டே ஆகவேண்டும் என்றால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோவையும் யோசிக்க வேண்டும். அந்தக் கால லூகாஸ் டைனமோ கொடுப்பது சுமார் 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில். சிக்னலில் நிற்கும்போது, அதாவது ஃபேன் தேவைப்படும் நேரத்தில், அது ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. மாருதி 800 ஆல்டர்னேட்டரைப் பிராக்கெட் அடித்துப் பூட்டுவது நம் ஊரில் எல்லா லேத்காரர்களும் செய்கிற வேலைதான். மாற்றும் முன் பாட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரைக் கோத்தால் உள்ளே டையோடு எரிந்துவிடும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகுமா? (மதுரை)

ஓடும். ஆனால் பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்பரேட்டர் ரப்பர்கள் எல்லாம் ஊறி மெதுமெதுவென்று ஆகும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். பழைய வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது ஈயம் கலந்த பெட்ரோல்தான், அது 2000-ஆம் ஆண்டே நின்றுவிட்டது. ஹெட்டை எப்போது இறக்கினாலும் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போடச் சொல்லுங்கள்.

அண்ணை, யாழ்ப்பாணத்தில் அப்பாவின்ரை ஆஸ்டின் ஏ40 நிக்குது. பொருளாதாரத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. திருப்பி ஓட வைக்கலாமோ?

ஓட வைக்கலாம். போரில் பெட்ரோல் வராத அந்த வருடங்களில் அங்கே துளிப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. உங்கள் அப்பாவின் வண்டியை அந்த மரியாதையோடுதான் திறக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். அதனால் முதலில் சம்ப்பைக் கழற்றி பேரிங்குகளைப் பாருங்கள். பிறகு ஹெட்டை இறக்குங்கள். கரி தடிப்பாக இருக்கும். பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கவும் கூடும், ஏனென்றால் மண்ணெண்ணெயில் இன்ஜின் உள்ளே தட்டும். அந்தத் தட்டலைக் குறைக்கச் சிலர் ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் போட்டு அமுக்கத்தைக் குறைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் சாதாரண தடிமன் கேஸ்கெட்டுக்கு மாற்றுங்கள், பெட்ரோலில் வண்டி வேறு மாதிரி இழுக்கும். எடுத்த பழைய கேஸ்கெட்டை எறிய வேண்டாம், வைத்திருங்கள்.

நண்பர்கள் சேர்ந்து செய்தால் கடைசியில் சண்டைதான் வரும் என்கிறார்கள். நீங்கள் எப்படி நாலரை வருடம் தாக்குப்பிடித்தீர்கள்?

சண்டை வந்தது. இரண்டாவது வருடம் கியர் பாக்ஸ் போல்ட்டுகள் காணாமல் போய், யார் எடுத்தது என்று ஆரம்பித்து, இரண்டு பேர் ஒரு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் ஒழுங்கு வந்தது.

யார் கழற்றுகிறாரோ அவரேதான் பூட்ட வேண்டும். கழற்றியவுடன் போல்ட்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போக வேண்டும், மேலே பேப்பர் டேப்பில் இடம், தேதி, கழற்றியவர் பெயர். எங்கள் ஷெட்டில் அறுபத்து மூன்று பாட்டில் இருந்தன. பாகத்துக்கான பணம் முழுதும் வண்டிக்காரருடையது, அதாவது என்னுடையது. உழைப்புக்குக் கணக்கு கிடையாது. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பணத்தைப் பங்கு போட்டிருந்தால் வண்டியும் பங்காகியிருக்கும், நிச்சயம் முறிந்திருப்போம்.

நண்பர்களோடு செய்ய ஹெரால்டு மாதிரி தோதான வண்டி வேறு இல்லை என்பது என் எண்ணம். பானெட் முழுவதும், ஃபெண்டரோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழும். ஒருவர் இடது டயர் மேல் உட்கார்ந்து கார்பரேட்டரைப் பார்க்கலாம், இன்னொருவர் வலது டயர் மேல் உட்கார்ந்து வால்வு இடைவெளியைப் பார்க்கலாம். வால்வுக்கு ஒரு சுலபக் கணக்கு: கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.25 மில்லிமீட்டர். ஒருவர் இன்ஜினைக் கையால் சுழற்றும் ஹேண்டிலைச் சுற்ற, ஒருவர் எண்ணைச் சொல்ல, ஒருவர் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைப் பிடிக்க, அரை மணி நேரத்தில் முடியும் வேலை.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் முதலில். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேலைக்கு ஆகாது. இன்ஜின், சஸ்பென்ஷன் பாகங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்து டிரையம்புடையவை பொருந்தும். நான்கு கதவு என்பது இந்தியாவில் மட்டும் வந்தது, அதனால் பின்கதவுக்கும் அதைச் சுற்றிய தகட்டுக்கும் நல்ல டிங்கர்தான் கதி.

மாருதி இன்ஜினை வைத்துவிட்டால் தொல்லை தீருமே? ஆர்.டி.ஓ.வில் என்ன சொல்வார்கள்?

இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு ‘விஏ’ வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தத் தகுதி. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அப்படிப் பதிவான வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. தினமும் ஓட்ட விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவிலேயே எஃப்.சி. புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த 948 சி.சி. இன்ஜின் போதும். எண்பதைத் தாண்டி அதை நான் ஓட்டுவதே இல்லை. பின்ஆக்சில் ஊசலாடும் வகை. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். பின்னாளில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இதை விட்டுவிட்டு சாதாரண ஆக்சில் வைத்தார்கள். கூடுதல் சக்தியுள்ள இன்ஜினை இந்த ஆக்சிலுக்கு முன்னால் வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தாத்தாவின் வண்டி பதினைந்து வருடமாக நிற்கிறது. வரும் ஞாயிறு ஸ்டார்ட் செய்யப் போகிறோம். நாலு பேர் இருக்கிறோம். (கோவை)

சாவியைத் தொடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் புது ஆயில், புது ஃபில்டர். ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டாமல், இன்னும் ஆயில் விட்டு இன்னொரு நாள் காத்திருங்கள். சுற்றினால், பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுழற்றி, ஆயில் விளக்கு அணைகிறதா பாருங்கள். அணைந்த பிறகுதான் பிளக்.

டேங்க் பெட்ரோலை நம்பாதீர்கள். தனியாக ஒரு சின்ன கேனிலிருந்து ஹோஸ் போட்டு, கேனை இன்ஜினுக்குத் தள்ளி வையுங்கள். ஒருவர் சாவியில், ஒருவர் கேன் பக்கத்தில், ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைக் கையில் பிடித்து, ஒருவர் பாட்டரி முனையைக் கழற்றத் தயாராக. நின்றுகொண்டு படம் எடுக்க ஐந்தாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

நீலமும் வெள்ளையுமாகப் புகை நிறைய வரும். ஊற்றிய ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் மட்டும் எழுதுங்கள், ரிங்கைப் பற்றிப் பேசுவோம்.