நோட்டுச் சேகரிப்போர் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: மொரீசியஸின் பழைய நோட்டு ஒன்றின் ப்ரூஃப் (அச்சகம் எடுத்துப் பார்க்கும் சோதனைப் பிரதி) என்று சொல்லி விற்றார்கள், வாங்கினேன். ஒரு பக்கம்தான் அச்சு. தொடர் எண் இல்லை, கையெழுத்து வரும் இடத்தில் ஓட்டைகள். மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது, அட்டை பழுத்துவிட்டது. உரித்து எடுக்கலாமா? அசல்தானா?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: உரிக்கவே கூடாது. நோட்டு அச்சிடச் செதுக்கிய உலோகத் தட்டின் நுண்கோடுகள் துல்லியமாக விழுவதற்காக 'இந்தியா பேப்பர்' என்னும் மெல்லிய தாளில் ப்ரூஃப் எடுத்து அட்டையில் ஏற்றுவது பழைய அச்சகங்களின் வழக்கம். பிரித்தால் தாள் கிழியும், விலையும் போகும். ஓட்டையும் குறை அல்ல. நோட்டாகச் செலவாகிவிடாதபடி அச்சகமே குத்தியது அது. அடைத்துச் 'சரிசெய்த' ப்ரூஃபை விவரம் தெரிந்தவர் தொடமாட்டார். ஓரத்தில் பென்சில் குறிப்போ தேதியோ முத்திரையோ இருந்தால் ரப்பர் படக்கூடாது. எந்தக் கட்டத்தில் எடுத்த ப்ரூஃப் என்பதற்கு அதுவே சாட்சி.

அசலா என்று பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். செதுக்குத் தட்டின் மை தாளுக்கு மேல் சற்றே மேடிட்டு நிற்கும், கோடுகள் முறியாமல் ஓடும். முகமும் எழுத்தும் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால நகல். பின்னணிச் சாயல் மட்டும் தட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம். அசல் நோட்டிலேயே அதை வேறு முறையில் அச்சிடுவது உண்டு.

இனிப் பாதுகாப்பு. பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம்: அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து தாளில் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். நம் தீவின் ஈரக்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், ஆகவே பெட்டிக்குள் ஈரப்பதம் 45–50 சதவீதம் இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அள்ளிக் கொட்டினால் அட்டை வளைந்து தாள் பெயர்ந்துவிடும். சட்டம் போட்டு மாட்டவும் வேண்டாம், வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கும். போர்ட் லூயிஸ் புளூ பென்னி அருங்காட்சியகமே தன் 1847 தபால்தலைகளின் அசலுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுகிறது.

கேள்வி: தமிழ் வரி மூன்றாவதாக உள்ள 1998 நோட்டை 'ப்ரூஃப்' என்கிறார் ஒரு வியாபாரி. நம்பலாமா?
– வாசகி, கத்ர் போர்ன்

பதில்: அது புழக்கத்துக்கே வந்த நோட்டு. அதில் தமிழை இந்திக்குப் பின்னால் வைத்ததைத் தமிழர்கள் எதிர்த்ததால் திரும்பப் பெற்று, 1999இல் தமிழ் இரண்டாவதாக வரும் பழைய வரிசைப்படி மீண்டும் வெளியிட்டார்கள். தொடர் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றனவா, 'ஸ்பெசிமென்' (மாதிரி) என்ற எழுத்தோ ஓட்டையோ இல்லையா? அப்படியானால் நோட்டுக்கான விலை மட்டும் பேசுங்கள்.