கொழுப்பு இருக்கட்டும், கிருமியை முதலில் பாருங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். நான் மருத்துவம் இரண்டாமாண்டு. விசைத்தறி ஓட்டும் அப்பாவுக்கு வயது 46, எடை 82 கிலோ. ரத்ததானம் செய்தபோது எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதைக் காட்டும் பரிசோதனை) பாசிட்டிவ் என்றார்கள். ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர். ஏஎல்டி (ஈரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) 38. எல்லாம் கொழுப்பால்தான் என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். அப்பத்தா அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: அம்மணி, முதலில் அந்தத் தட்டைப் பழையபடி எல்லாத் தட்டுகளோடும் அடுக்கச் சொல்லுங்கள். சோற்றிலும் தண்ணீரிலும் வருவது ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும். அப்பாவுக்கு வந்திருக்கிற ஹெபடைடிஸ் பி அப்படிப் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் அதன் வழி. தனியாக வைக்க வேண்டியது சவர பிளேடும் பல் பிரஷும்.

கொழுப்பால் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆகவே ஆகாது. அது கிருமியின் மேலுறைப் புரதம். ஒரே ஈரலில் கொழுப்பும் கிருமியும் சேர்ந்து இருக்கலாம். ஸ்கேன் தாளில் 'ஃபேட்டி' என்று பார்த்ததும் கிருமியை மறந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம்.

ஏஎல்டி 40 வரை நார்மல் என்று லேப் தாளில் அச்சாகியிருக்கும். ஆனால் ஹெபடைடிஸ் பி உள்ள ஆணுக்கு 35-ஐத் தாண்டினாலே கூடுதல் என்று எடுத்துக்கொள்வது நல்லது. அந்த மூன்று யூனிட் கொழுப்பால் ஏறியதா, கிருமியாலா என்று ஏஎல்டி சொல்லாது. ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று சொல்லும் எச்பிவி டிஎன்ஏ, அது வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மூன்றும் பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட தொற்று. இந்தக் கிருமி ஈரல் சுருங்காமலேயே புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. அப்பா 40-ஐத் தாண்டியவர், அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனை விடக்கூடாது. மாத்திரை தேவைப்பட்டால், 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

கீழாநெல்லி பி கிருமியை ஒழிக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்தப் பேர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, கொழுப்புக்கு? எடையில் 7 முதல் 10 சதவீதம், அதாவது ஆறு முதல் எட்டு கிலோ குறைந்தால் நன்றாகக் கரையும். அரிசிம்பருப்பை விட வேண்டாம், இரண்டாம் முறை போட்டுக்கொள்வதை விட்டால் போதும். தறிக்குடோனில் நிற்பது நடைக்கணக்கில் வராது. மது ஒரு சொட்டும் கூடாது.

அப்புறம், அம்மா, அப்பத்தா, உடன்பிறந்தவர்கள், நீங்கள் எல்லோரும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிஎஸ் (இந்தக் கிருமிக்கு உடலில் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை) பாருங்கள். தொற்றும் எதிர்ப்பும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி. நீங்கள் கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி எச்பிஎஸ் 10-க்கு மேல் ஏறியிருக்கிறதா என்று மறக்காமல் பார்த்துவிடுங்கள். வார்டில் ஊசி பிடிக்கப்போகிற கை அது.